பர்கிட் டாக்டரின் வரைபடமும் ஒரு வைரஸும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். இரத்தப் புற்றுநோய் பற்றியது என்றதும் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இருக்கிற பயம் கொஞ்சம் குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னப் பாடம். இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. எலும்பு மஜ்ஜையில் தொடங்குவது லுகேமியா. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று நமக்கு நெறி கட்டுகிற இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்களில் பெரும்பாலும் தொடங்குவது லிம்போமா. இரண்டிலும் கட்டுமீறிப் பெருகுவது பெரும்பாலும் வெள்ளை அணுக்கள்தான். நோயை எதிர்த்து நிற்க வேண்டிய காவலாளியே கட்டுப்பாட்டை மீறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஆப்பிரிக்க வரைபடத்தில் நிலநடுக்கோட்டின் மேல் விக்டோரியா ஏரியையும், அதன் வடகரையில் உகாண்டாவையும் பாருங்கள். அதன் தலைநகரம் கம்பாலா. அங்கே முலாகோ மருத்துவமனையில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1911ல் அயர்லாந்தின் எனிஸ்கில்லன் ஊரில் பிறந்தவர். பதினோரு வயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். அவருடைய அப்பா ஒரு சர்வேயர். ஓய்வு நேரத்தில் ராபின் குருவிகளின் காலில் வளையம் மாட்டி, எந்தக் குருவிக்கு எந்த எல்லை என்று வரைபடம் போட்டவர். இந்த வரைபட விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

1957ல் டிரோவெல் என்ற மருத்துவர் ஐந்து வயதுப் பையன் ஒருவனைப் பர்கிட்டிடம் காட்டினார். பையனின் தாடையில் வலம், இடம், மேல், கீழ் என நான்கு பக்கமும் வீக்கம். சாதாரணக் கட்டி என்றால் ஒரு பக்கம்தான் இருக்கும். இதுவோ புரியவில்லை. சில வாரங்கள் கழித்து ஜின்ஜா ஊர் மருத்துவமனைக்குப் போனபோது, சன்னல் வழியாக இன்னொரு குழந்தையைப் பார்த்தார். அதே முகம், அதே வீக்கம். வயிற்றிலும் கட்டி இருந்தது. ஒரு தடவை பார்த்தால் அதிசயம், இரண்டாம் தடவை பார்த்தால் அது ஒரு நோய். பழைய பதிவேடுகளைப் புரட்டினார். தாடையில், வயிற்றில், சிறுநீரகத்தில் என்று தனித்தனிப் பெயரில் எழுதி வைத்திருந்த பல கட்டிகள் ஒரே நோயாகத் தெரிந்தன. 1958ல் அதைப் பற்றி எழுதினார். பின்னால் அது ஒரு லிம்போமா என்று உறுதியானது. இன்று அதன் பெயர் பர்கிட் லிம்போமா.

இந்த நோய் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று அறிய அவருக்கு ஆசை. 1961 அக்டோபரில் ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் இரண்டு மருத்துவ நண்பர்களோடு கிளம்பினார். உகாண்டாவிலிருந்து தெற்கே தென்னாப்பிரிக்கா வரை பத்து வாரம், 10,000 மைல். வழியில் உள்ள மருத்துவமனைகளில் எல்லாம் படத்தைக் காட்டி, "இப்படிக் குழந்தைகள் உங்களிடம் வருகிறார்களா?" என்று கேட்டதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெரிய கருவி எதுவும் இல்லை.

திரும்பி வந்து வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பட்டை தெரிந்தது. குளிரான மேட்டு நிலத்தில் நோய் இல்லை. வறண்ட இடத்திலும் இல்லை. வெப்பநிலை ஏறக்குறைய 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத, ஆண்டு மழை 50 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் இடங்களில்தான் இருந்தது. அப்பா குருவிக்குப் போட்ட எல்லையை மகன் நோய்க்குப் போட்டுவிட்டார்! வெப்பமும் மழையும் சேர்ந்தால் கொசு. அப்படியானால் கொசு சுமந்து வரும் ஏதோ ஒரு வைரஸ்தான் காரணமோ என்ற எண்ணம் வலுத்தது.

இந்த எண்ணம் லண்டனில் ஒருவருக்கு முன்பே வந்துவிட்டது. 1961 மார்ச் 22 அன்று, அந்த நீண்ட பயணத்துக்குச் சில மாதம் முன்பு, பர்கிட் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்க வந்தவர்களில் ஆண்டனி எப்ஸ்டீன் ஒருவர். கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸை ஆராய்ந்து கொண்டிருந்தவர். மனிதனுக்கும் அப்படி ஒரு வைரஸ் இருக்கக்கூடும் என்று அவர் காத்திருந்த நேரம் அது. கம்பாலாவிலிருந்து கட்டியின் துணுக்குகள் விமானத்தில் லண்டனுக்கு வரத் தொடங்கின.

இரண்டு ஆண்டுக்கு மேல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் ஒரு நாள் மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பி விடப்பட்டது. தாமதமாக வந்து சேர்ந்த குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. பாக்டீரியா சேர்ந்து கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிட்டிருக்கலாம். எப்ஸ்டீன் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, கட்டியிலிருந்து உதிர்ந்து மிதந்த உயிருள்ள செல்கள்! அப்படி மிதக்கவிட்டு வளர்த்தபோதுதான் அந்தச் செல்கள் ஆய்வகத்தில் பெருகின. வளர்ப்பதில் அவரோடு உழைத்தவர் ஈவோன் பார் என்ற இளம் ஆராய்ச்சி மாணவி. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேலையில் துணை நின்றவர் டிரினிடாட்டில் பிறந்த பெர்ட் அச்சோங்.

1964 பிப்ரவரி 24. எப்ஸ்டீன் பார்த்த முதல் செல்லிலேயே வைரஸ் தெரிந்தது. கருவியை அணைத்துவிட்டு, வெளியே பனியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தாராம். மார்ச் 28 அன்று லான்செட் இதழில் கட்டுரை வந்தது. மூன்று பேர் எழுதியது. ஆனால் வைரஸுக்கு நிலைத்த பெயர் 'எப்ஸ்டீன்-பார்'. அச்சோங் பெயர் அதில் ஏறவில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். இங்கேதான் ஆரம்பம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே என்ற தம்பதியர் இந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள். பார்த்தால், ஆப்பிரிக்காவுக்கே போகாத, புற்றுநோயே இல்லாத அமெரிக்கர்களின் இரத்தத்திலும் அது இருந்தது! பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும். அவர்களுடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் இரத்தத்தில் மட்டும் இல்லை. 1967ல் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது, தொண்டை வலி வந்தது, நெறி கட்டியது. மோனோநியூக்ளியோசிஸ் என்று அதற்குப் பெயர். குணமாகித் திரும்பியபோது அவருடைய இரத்தத்திலும் எதிர்ப்பொருள் வந்திருந்தது. எச்சில் வழியாகப் பரவும் ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கும் இதே வைரஸ்தான் காரணம் என்று தெரிந்தது.

இன்று உலகில் பெரியவர்களில் 100க்கு 90க்கு மேற்பட்டவர்கள் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். இதைப் படிக்கிற நீங்களும், எழுதுகிற நானும் அநேகமாக அதில் அடக்கம். நம் ஊர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே, சளிக்காய்ச்சல் போலவோ, வந்ததே தெரியாமலோ வந்து தங்கிவிடுகிறது. அப்படியானால் நமக்கெல்லாம் ஏன் புற்றுநோய் வரவில்லை? அந்தக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் வந்தது?

விடை வைரஸில் மட்டும் இல்லை, காவலில் இருக்கிறது.

வெள்ளை அணுக்களில் பி செல், டி செல் என்று இரண்டு வகை உண்டு. பி செல் எதிர்ப்பொருள் தயாரிக்கும் பட்டறை. இந்த வைரஸ் நேரே அந்தப் பட்டறைக்குள்தான் புகுகிறது. புகுந்து, 'பெருகு, பெருகு' என்று முடுக்குகிறது. டி செல் இரவுக் காவலர் மாதிரி. பாதிக்கப்பட்ட பி செல்லை அடையாளம் கண்டு அழிக்கிறது. மோனோநியூக்ளியோசிஸ் காய்ச்சலில் இரத்தத்தில் விசித்திரமாகத் தெரியும் அணுக்கள் பெரும்பாலும் இந்த டி செல்கள்தான். தப்பித்த கொஞ்சம் வைரஸ் சில பி செல்களில் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்கிறது. ஆயுள் முழுக்க அது ஒளிந்திருக்கும், ஆயுள் முழுக்க இது பாரா பார்க்கும்.

1970களில் உகாண்டாவின் மேற்கு நைல் பகுதியில், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஏறக்குறைய 42,000 குழந்தைகளின் இரத்தத்தை எடுத்து வைத்துக் காத்திருந்தது. பின்னால் யாருக்கு நோய் வந்ததோ, அவர்களுக்கு நோய் வருவதற்கு வெகுமுன்பே எதிர்ப்பொருள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. 'எதிர்ப்பொருள் அதிகம் என்றால் பாதுகாப்பு அதிகம் என்றுதானே சார் சொல்லிக்கொடுத்தீர்கள்?' என்று கேட்பீர்கள். திருட்டு அதிகம் நடக்கும் ஊரில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் மனு அதிகம் சேரும். மனு குவிந்திருப்பதால் ஊர் பத்திரம் என்று சொல்ல முடியுமா? அந்தக் குழந்தைகளின் உடம்பில் வைரஸ் அளவுக்கு மீறி நடமாடியதற்கு அது அடையாளம்.

காவல் ஏன் தளர்ந்தது? 1984ல் காம்பியாவில் நடந்த ஆய்வு விடை சொன்னது. மலேரியா தாக்கும்போது, இந்த வைரஸ் புகுந்த பி செல்களை அடக்கும் ஆற்றலை டி செல்கள் இழந்துவிடுகின்றன. கொசு வைரஸைச் சுமக்கவில்லை, மலேரியாவைச் சுமந்தது. திரும்பத் திரும்ப வந்த மலேரியா ஒரு பக்கம் பி செல்களை ஓயாமல் பெருக வைத்தது, மறுபக்கம் காவலரை அசர வைத்தது. பெருகும் அவசரத்தில் ஏதோ ஒரு செல்லில் 8ஆம் குரோமோசோமின் துண்டு உடைந்து இன்னொரு குரோமோசோமில், பெரும்பாலும் 14இல், ஒட்டிக்கொள்கிறது. செல் வளர்ச்சியை முடுக்கும் ஒரு மரபணு அங்கே நிற்காமல் ஓடத் தொடங்குகிறது. அந்த ஒரு செல்லிலிருந்து கட்டி. மழை, வெப்பம் என்று பர்கிட் போட்ட கோடு உண்மையில் மலேரியாவின் எல்லைக்கோடு.

காவல்தான் முக்கியம் என்பதற்கு இன்னொரு சாட்சி, உறுப்பு மாற்று சிகிச்சை. புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பு சக்தியை மருந்தால் குறைப்பார்கள். அப்போது சிலருக்கு இதே வைரஸால் லிம்போமா வந்தது. 1984ல் ஸ்டார்ஸல் என்ற கல்லீரல் மாற்று நிபுணர் குழு, அந்த மருந்தைக் குறைத்தபோது சிலருக்குக் கட்டி கரைந்ததை எழுதியது. காவலர் வேலைக்குத் திரும்பினார், கட்டி போய்விட்டது! 1990களில் அமெரிக்க மருத்துவர்கள், எலும்பு மஜ்ஜை கொடுத்தவரின் வெள்ளை அணுக்களையே நோயாளிக்குச் செலுத்திக் குணம் கண்டார்கள். பிறகு இந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்களை மட்டும் வளர்த்துக் கொடுத்தார்கள். அந்த வகையில் ஒரு மருந்துக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், என்னிடம் படித்த ஒருவரின் மகனுக்கு லிம்போமா. சிகிச்சை நடக்கிறது. ரிப்போர்ட்டில் வைரஸ் என்ற ஒரு சொல் இருந்ததாம். அவ்வளவுதான், பக்கத்து உறவுகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பையன் குடித்த டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னார்களாம். போனில் அந்த அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

பிள்ளைகளே, புற்றுநோய் தொற்றாது. அந்த வைரஸ் அநேகமாக ஏற்கெனவே உங்களிடமும் இருக்கிறது. உண்மையில் பயம் எதிர்த்திசையில் இருக்க வேண்டும். கீமோதெரபி நடக்கும்போது அந்தக் குழந்தையின் வெள்ளை அணுக்கள் குறைந்து, காவல் தளர்ந்திருக்கும். அவனிடமிருந்து உங்களுக்கு ஆபத்து இல்லை, உங்கள் சளியும் இருமலும்தான் அவனுக்கு ஆபத்து. ஆகவே போங்கள். டாக்டர் சம்மதித்த நேரத்தில், உடம்பு நன்றாக இருக்கும்போது, கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போங்கள். சளி பிடித்திருந்தால் அன்று போனில் பேசுங்கள். ஆனால் ஒதுக்காதீர்கள்.

இன்னொன்று. நெறி கட்டினாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் சாதாரணத் தொற்றால்தான் கட்டும். வலியில்லாத கட்டி சில வாரமாகியும் வற்றாமல், வளர்ந்துகொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள். அறுபது ஆண்டுக்கு முன்பு கம்பாலாவில் கதிர்வீச்சுக் கருவிகூட இல்லாமல், மருந்து மட்டும் கொடுத்தே பர்கிட் சில குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வந்த 10 குழந்தைகளில் சுமார் 9 பேர் குணமாகிறார்கள். ஏழை நாடுகளில் இன்னும் அந்த அளவு எட்டவில்லை. மருந்து தெரிந்தும் எட்டவில்லை என்பதுதான் வேதனை.

பர்கிட் 1993ல் மறைந்தார். எப்ஸ்டீன் 102 வயது வரை வாழ்ந்து 2024 பிப்ரவரியில் மறைந்தார். அந்த மாணவி ஈவோன் பார்? 1966ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆஸ்திரேலியரை மணந்து அங்கே போனார். ஆராய்ச்சி வேலை அமையவில்லை. பள்ளி ஆசிரியை ஆனார். 2016ல் காலமானார்.

உங்கள் பிள்ளைகள் என்றைக்காவது பாடப்புத்தகத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று படித்தால், அந்தப் பெயரின் பின்பாதி ஒரு பள்ளிக்கூட டீச்சருடையது என்று சொல்லிக்கொடுங்கள்.

அனைவரும் நலமுடன் இருங்கள்.
அன்புடன், உங்கள் ஆசிரியர்.