வலை வழங்கிக் கட்டுப்பாட்டகம்

வலை வழங்கிக் கட்டுப்பாட்டகம் என்பது, வாடகைக்குப் பெற்ற வழங்கியில் உள்ள ஓர் இணையத்தளத்தை உலாவியின் வழியாகவே நிர்வகிக்க உதவும் மென்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது கண்ட்ரோல் பேனல் எனப்படுகிறது. கோப்புகளை ஏற்றுதல், ஆள்களப் பெயரை இணைத்தல், மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்குதல், தரவுத்தளங்களை அமைத்தல், காப்புநகல் எடுத்தல் ஆகியன இதன் முதன்மைப் பணிகள். சீபேனல், பிளெஸ்க், டைரக்ட்அட்மின் ஆகியன பரவலாகப் பயன்படும் வணிக மென்பொருள்கள். வெப்மின், ஐ.எஸ்.பி. கான்ஃபிக் ஆகியன திறமூல மென்பொருள்கள்.

வரலாறு

தொடக்கத்தில் இணையத்தளம் நடத்துவோர் யுனிக்சு கட்டளைகளை அறிந்திருக்க வேண்டியிருந்தது. 1996 இல் சீபேனலும் 1997 இல் வெப்மினும் வெளிவந்தன. மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களை உலாவியில் கையாள உதவும் பி.எச்.பி. மைஅட்மின் 1998 இல் வெளியானது. டைரக்ட்அட்மின் 2003 இல் வந்தது. அதே ஆண்டில் வேர்டுபிரசும் வெளிவர, நிரலாக்கம் அறியாதவரும் சொந்தத் தளம் அமைப்பது எளிதாயிற்று.

இதே காலத்தில் ஜியோசிட்டீசு போன்ற இலவசச் சேவைகளும் இருந்தன. 1994 இல் தொடங்கி, 1999 இல் யாகூ நிறுவனத்தின் வசம் சென்ற இச்சேவை, அமெரிக்காவில் 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் அதில் இருந்தன. இணைய ஆவணகம் போன்ற அமைப்புகள் சேமித்தவையும், உரிமையாளர்கள் முன்னரே நகலெடுத்தவையும் மட்டுமே எஞ்சின.

2019 இல் சீபேனல் தன் உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததாக மாற்றியது. அதன்பின் சில வழங்கி நிறுவனங்கள் வேறு கட்டுப்பாட்டகங்களுக்கு மாறின. ஆகவே ஒரே ஒரு மென்பொருளின் திரை அமைப்பை மனப்பாடம் செய்வதைவிட, அதன் பின்னுள்ள கருத்துகளை அறிவதே பயன் தரும்.

மூன்று தனித்தனிப் பொருள்கள்

புதிதாகக் கற்போர் பெரும்பாலும் குழப்பிக்கொள்பவை மூன்று:

1. ஆள்களப் பெயர் – தளத்தின் முகவரி. இது பதிவாளரிடம் ஆண்டுக் கட்டணத்தில் பெறப்படுகிறது. இந்தியாவின் .இன், .இந்தியா ஆகிய ஆள்களங்களை நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணைய மாற்றகம் நிர்வகிக்கிறது.
2. வழங்கி இடம் – கோப்புகள் தங்கும் கணினி. பகிர்வு வழங்கியில் ஒரே கணினியைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும்.
3. கட்டுப்பாட்டகம் – அந்த இடத்தை நிர்வகிக்கும் கருவி.

இம்மூன்றும் ஒரே நிறுவனத்திடம் இருக்கலாம். வெவ்வேறு நிறுவனங்களிடமும் இருக்கலாம். ஒன்றின் கட்டணத்தைச் செலுத்தினால் மற்றது தானாகப் புதுப்பிக்கப்படும் எனக் கருதக்கூடாது.

பயன்பாட்டு வரிசை: ஓர் எடுத்துக்காட்டு

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் உள்ள மாமல்லபுரம், கற்சிற்பத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இங்கு 1957 இல் சிற்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. இவ்வூரின் கற்சிற்பங்கள் 2017 இல் புவிசார் குறியீடு பெற்றன. இங்குள்ள ஒரு சிற்பக்கூடம் தன் பணிகளைக் காட்டவும் வெளியூர்க் கேட்பாணைகளைப் பெறவும் ஒரு தளம் அமைப்பதாகக் கொள்வோம். அதன் படிகள் பின்வருமாறு அமையும்.

முதலில் பதிவாளரின் பக்கத்தில், வழங்கி நிறுவனம் தந்த பெயர் வழங்கிகளின் முகவரிகளை இட வேண்டும். இம்மாற்றம் எங்கும் பரவ ஒன்றிரண்டு நாட்கள் ஆகலாம். இவ்விடைவெளியில் தளம் ஓரிடத்தில் தெரிந்தும் மற்றோரிடத்தில் தெரியாமலும் இருப்பது இயல்பு. தளம் தெரியவில்லை என்று அமைப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றினால் சிக்கல் பெருகும்.

அடுத்து, கோப்பு மேலாளரைத் திறந்து பப்ளிக் எச்.டி.எம்.எல். என்னும் கோப்புறையில் கோப்புகளை ஏற்ற வேண்டும். சீபேனலில் இக்கோப்புறைக்குள் இருப்பவையே பொதுவாக உலகுக்குத் தெரியும். ஆகவே கடவுச்சொற்கள், கணக்கு விவரங்கள், காப்புநகல்கள் ஆகியவற்றை இதனுள் வைத்தல் கூடாது. லினக்சு வழங்கிகள் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறாகக் கருதும். விண்டோசு கணினியில் சரியாகத் தெரிந்த படம் வழங்கியில் தெரியாமல் போவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

கோப்புகளின் அனுமதி எண்களையும் கவனிக்க வேண்டும். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்பது வழக்கம். ஏதேனும் பிழை வந்தால் 777 என மாற்றும்படி சிலர் அறிவுறுத்துவர். அது அவ்வழங்கியில் உள்ள எவரும் எழுதலாம் எனக் கதவைத் திறந்து விடுவதாகும்.

பின்னர் பாதுகாப்புச் சான்றிதழை நிறுவ வேண்டும். 2018 சூலை முதல் குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை எனக் குறிக்கிறது. லெட்சு என்கிரிப்ட் அமைப்பு இச்சான்றிதழ்களை இலவசமாக வழங்குகிறது. இவை குறுகிய காலமே செல்லுபடியாகும். தானியங்கிப் புதுப்பித்தல் இயங்குகிறதா என உறுதிசெய்ய வேண்டும்.

மின்னஞ்சலுக்கு எம்.எக்ஸ். பதிவு மட்டும் போதாது. அனுப்புநரை மெய்ப்பிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் இல்லையெனில், சிற்பக்கூடம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியல் எரிதப் பெட்டிக்குள் விழக்கூடும். 2024 பிப்ரவரி முதல் கூகுள், யாகூ ஆகியன இவ்விதிகளைக் கடுமையாக்கியுள்ளன.

தமிழ் எழுத்துகளும் தரவுத்தளமும்

தமிழ்த் தளங்களுக்கெனத் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு இடம் கொள்ளும். மாமல்லபுரம் என்னும் சொல்லில் எழுத்துகள் 7. ஒருங்குறியில் அவை 11 குறிகள். வழங்கியில் 33 பைட்டுகள். இச்சொல் இணைய முகவரியின் பகுதியாக வரும்போது, விழுக்காட்டுக் குறியீட்டில் 99 எழுத்துருக்களாக நீளும். லினக்சில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டைத் தாண்ட முடியாது என்பதால், தமிழ்ப் பெயருக்கு 85 குறிகளே எல்லை.

தரவுத்தளத்தை உருவாக்கும்போது யு.டி.எஃப்-8 எம்.பி.4 என்னும் குறிமுறையைத் தேர்வது நல்லது. மைஎஸ்கியூஎல் 8.0 முதல் இதுவே இயல்பிருப்பு; பழைய பதிப்புகளில் லத்தீன்-1 இருந்தது. குறிமுறை தவறினால் இருவகைப் பிழைகள் தோன்றும்:

- தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளின் கலவை தெரிதல். இங்குப் பைட்டுகள் பெரும்பாலும் அழியவில்லை. படிக்கும் முறையே தவறு. இதனை மீட்க இயலும்.
- தமிழுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் சேமிக்கப்படுதல். இங்கு மூல எழுத்தே அழிந்துவிட்டது. காப்புநகல் இன்றி மீட்க இயலாது.

எனவே கேள்விக்குறி தென்பட்டவுடன் தொடர்ந்து தட்டச்சிடுவதை நிறுத்துவதே முதற்பணி. தமிழ் ஆள்களப் பெயர்கள் கட்டுப்பாட்டகத்தில் எக்ஸ்.என். எனத் தொடங்கும் ஆங்கில எழுத்துத் தொடராகத் தெரிவது பிழையன்று. அதுவே அப்பெயரின் பியூனிகோடு வடிவம்.

காப்புநகல்

வேர்டுபிரசு போன்ற தளங்களில் கோப்புகள், தரவுத்தளம் ஆகிய இரண்டையும் நகலெடுக்க வேண்டும். படங்கள் கோப்புகளிலும், கட்டுரைகள் தரவுத்தளத்திலும் இருப்பதால், ஒன்றை மட்டும் எடுத்தால் தளம் முழுமையாகத் திரும்பாது. அதே வழங்கியில் வைக்கப்பட்ட நகல், வழங்கி பழுதானால் தளத்துடன் சேர்ந்தே போகும்.

வீட்டுக் கணினியில் மட்டும் வைப்பதும் போதாது. 2004 ஆழிப்பேரலை, 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்சாம் புயல் ஆகியவற்றைக் கண்ட இக்கடற்கரைப் பகுதியில், ஒரு நகலாவது வேறு ஊரில் உள்ள சேமிப்பிடத்தில் இருத்தல் வேண்டும். ஒருமுறையேனும் மீட்டுப் பார்க்காத நகலை நம்புவதற்கில்லை.

உரிமை

சிறு தொழில் செய்வோர் பலர் தளம் அமைக்கும் பணியை வேறொருவரிடம் ஒப்படைக்கின்றனர். அப்போது ஆள்களப் பெயர் அமைப்பாளரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகிவிடுவதுண்டு. பின்னாளில் அவரைத் தொடர்புகொள்ள இயலாவிட்டால், பல ஆண்டுகள் பயன்படுத்திய முகவரியே கைவிட்டுப் போகலாம். .காம் பெயர் ஒன்று காலாவதியாகி நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலமும் அதன்பின் 5 நாள் காத்திருப்பும் உண்டு. பிறகு அதனை எவரும் பதிவு செய்யலாம்.

ஆகவே பதிவாளர் கணக்கு, கட்டுப்பாட்டகப் பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியன உரிமையாளரிடமே இருக்க வேண்டும். பதிவாளர் கணக்கின் மின்னஞ்சல், அதே ஆள்களத்தைச் சார்ந்ததாக இருத்தல் கூடாது. ஆள்களம் முடங்கினால் கடவுச்சொல்லை மீட்கும் வழியும் முடங்கும். பணியாளருக்குத் தனிப் பயனர் கணக்கு வழங்கி, பணி முடிந்ததும் நீக்கிவிடலாம்.

மாற்று வழிகள்

எல்லாத் தளங்களுக்கும் கட்டுப்பாட்டகம் தேவையில்லை. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தின் அரசு இணையத்தளம், தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்னும் சேவையில் இயங்குகிறது. அங்கு வழங்கியை மையமே பராமரிக்க, மாவட்ட நிர்வாகம் உள்ளடக்கத்தை மட்டும் கவனிக்கிறது. பிளாக்கர் போன்ற சேவைகளும் இத்தகையனவே. இவற்றில் பொறுப்பு குறைவு. ஆனால் சேவை நின்றால் தளமும் நிற்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும், உள்ளடக்கத்தின் நகலும் ஆள்களப் பெயரும் உரிமையாளர் கையில் இருந்தால், தளத்தை வேறிடத்தில் மீண்டும் எழுப்ப இயலும்.