கர்ணபூலியின் கடற்படைக் கமாண்டோ

வங்காளதேச விடுதலைப் போரை 1971 டிசம்பரின் பதின்மூன்று நாள் போராக மட்டும் காண்போர் பலர். அதற்கு நான்கு மாதங்கள் முன்னரே துறைமுகங்களில் நிகழ்ந்த போரையும், அதன் முன்னணித் தளபதிகளுள் ஒருவரான அப்துல் வாஹித் சௌத்ரியையும் அறிந்தோர் சிலரே.

1970 டிசம்பர் தேர்தலில் அவாமி லீக் அறுதிப் பெரும்பான்மை பெற்றும் ஆட்சி அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் படுகொலை தொடங்கியது. சௌத்ரி அப்போது பிரான்சின் தூலோன் துறைமுகத்தில், பாகிஸ்தானுக்காகக் கட்டப்பட்ட ‘மங்ரோ’ நீர்மூழ்கிக் கப்பலில் பயிற்சியில் இருந்தார். படைக்கு அளித்த உறுதிமொழி ஒருபுறம். அப்படையால் கொல்லப்படும் சொந்த மக்கள் மறுபுறம். வங்காளி மாலுமிகள் சிலர் கப்பலைத் துறந்தனர். அவர்களுள் சௌத்ரி உட்பட எண்மர் ஸ்பெயின் வழியாக ஏப்ரலில் இந்தியா வந்தடைந்தனர்.

பிளாசியில் பாகீரதி நதிக்கரையில், இந்தியக் கடற்படையினரின் மேற்பார்வையில் மே மாதம் பயிற்சி முகாம் அமைந்தது. நீச்சல் தெரிந்த மாணவர்களும் கிராமத்து இளைஞர்களும் அங்கே திரட்டப்பட்டனர். வெடிக்கும் கண்ணியைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு, நீரோட்டத்தினூடே நீந்திச் சென்று, கப்பலின் அடிப்பகுதியில் அதைப் பொருத்திவிட்டு ஓசையின்றித் திரும்புவதே அவர்கள் கற்ற கலை.

சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய நான்கு துறைமுகங்களையும் ஒரே இரவில் தாக்குவது திட்டம். சிட்டகாங் குழுவுக்குச் சௌத்ரி தலைமையேற்றார். சமிக்ஞையாக அமைந்தவை கல்கத்தா வானொலியில் ஒலிபரப்பாகவிருந்த இரு வங்கப் பாடல்கள். பங்கஜ் மல்லிக்கின் பாடல் ஆயத்தமாகுமாறும், மற்றொரு பாடல் தாக்குமாறும் உணர்த்தின. அவற்றின் பொருளைக் குழுத்தலைவர்களே அறிந்திருந்தனர். ஆகஸ்ட் 15-16 இரவு, நள்ளிரவு கடந்தபின் கர்ணபூலி ஆற்றில் வெடிகள் முழங்கின. ‘அல்-அப்பாஸ்’, ‘ஹொர்முஸ்’ முதலிய கலங்கள் சேதமுற்று மூழ்கின. இராணுவத்தின் கடல்வழி வழங்கல் பாதுகாப்பற்றது என்பதை உலகம் உணர்ந்தது.

விடுதலைக்குப் பின் சௌத்ரிக்கு ‘பீர் உத்தம்’ விருது வழங்கப்பட்டது. அவர் வங்காளதேசக் கடற்படையில் கொமடோர் நிலைவரை உயர்ந்தார்.

அப்போரில் இரு தரப்பிலும் கலிமா மொழிந்தோர் இருந்தனர். சமய ஒருமை நீதிக்கு மாற்றாகாது என்பதே அதன் படிப்பினை. ஓர் அரசு கற்றுத்தந்த கலையை, அவ்வரசு அநீதி இழைத்தபோது அதற்கெதிராகவே திருப்பியவர் சௌத்ரி. உறுதிமொழியின் எல்லை எது என்ற வினாவுக்கு அவர் தம் வாழ்வையே விடையாக்கினார் எனலாம்.