பூட்டா? நாணயமா?



"ஆபத்தான பொருளைக் காப்பது பூட்டே" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். ஐயா, எங்க தாத்தா வீட்டில் பாகப்பிரிவினை நடந்தப்போ அண்டா, குண்டான் எல்லாம் பிரிச்சாச்சு. பாட்டி இடுப்புச் சாவிக்கொத்து யாருக்கு என்பதில்தான் மூணு மாசம் பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு! (சிரிப்பு)

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் என்ற கூட்டுக்குடும்பம் பிரிந்தது. அங்கே பிரிக்க இருந்தது அண்டாவா? அணுகுண்டு! ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் என நாலு வீட்டில் கிடந்தது. உக்ரைனில் மட்டும் சுமார் 1,900 நெடுந்தூர அணுகுண்டுகள். கஜகஸ்தானில் ஓர் ஆலைக் கிடங்கில், குண்டு செய்யத் தகுந்த யுரேனியம் சுமார் 600 கிலோ. கதவில் தொங்கியதோ ஒரு பழைய பூட்டு! விலைபேச ஆளா கிடைக்காது? ஆனால் கஜகஸ்தான் அரசு அமெரிக்காவிடம் சொல்லி, 1994-இல் அத்தனையையும் பத்திரமாக விமானத்தில் அனுப்பிவைத்தது. காப்பாத்தினது பூட்டா, நாணயமா? (கைதட்டல்)

நம்ம ஊர்ப் பக்கம் வாங்க. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988 நவம்பர் 20-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டார்கள். 1991 மே மாதம் ராஜீவ் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். டிசம்பரில் கோர்பச்சேவ் பதவி விலகினார். அவர் நாடே மறைந்தது. "அது எங்கப்பா போட்ட கையெழுத்து" என்று ரஷ்யா நழுவியிருக்கலாம். நழுவலை. 1998-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. வியாபாரமும் இருந்தது, மறுக்கலை. 2013 அக்டோபரில் மின்சாரம் வந்தது. உலை வேணுமா, வேண்டாமா என்று இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்வி பெரிது. அதுக்குத் தனிப் பட்டிமன்றமே போடணும்.

அதே ரஷ்யா 1994 டிசம்பரில் உக்ரைனுக்கும் ஒரு வாக்குக் கொடுத்தது: "குண்டுகளைக் கொடுத்துவிடு, உன் எல்லையை மதிப்போம்." அமெரிக்காவும் பிரிட்டனும் கூடவே கையெழுத்திட்டன. 1996-க்குள் உக்ரைன் எல்லாக் குண்டுகளையும் ஒப்படைத்தது. 2014-இல் கிரிமியா போச்சு. 2022-இல் படையே புகுந்தது.

ஒரே வீட்டுக்காரர், ஒரு வாக்கைக் காத்தார், ஒரு வாக்கை உடைத்தார். இனி எந்த நாடு நம்பி ஆயுதத்தைக் கீழே வைக்கும்? உடைஞ்ச பூட்டை மாத்திடலாம். உடைஞ்ச வாக்கை எந்தக் கடையில் வாங்குவீங்க?

நடுவர் அவர்களே, பூட்டு வேண்டாம்னு நான் சொல்லலை. பூட்டு திருடனைத் தடுக்கும். சாவி வைத்திருப்பவனைத் தடுப்பது நாணயம் ஒன்றுதான்! (பலத்த கைதட்டல்)