முன்னேறி வரும் சிப்பாய்களைக் கண்டு பதற வேண்டாம்: சதுரங்கம் பழகுவோருக்குச் சில வழிகள்

புத்தளத்தை அடுத்த பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நோக்கிப் போகும் வீதியில் நுரைச்சோலை, ஆலங்குடா என்று ஊர்கள் வரிசையாக வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல இந்தக் கரையில்தான் மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கின. தெற்கே முந்தல், உடப்புப் பக்கம் பல தலைமுறைகளாகக் கடலை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. கையில் காசு குறைந்த வீடுகளில் ஒரு பிள்ளைக்குப் பழக்கக்கூடிய விளையாட்டுகளில் சதுரங்கமும் ஒன்று. ஒரு பலகையும் 32 காய்களும் போதும். மைதானம் வேண்டாம், சப்பாத்து வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மணலை வாரி அடிக்கும் நாட்களிலும் வீட்டுக்குள் இருந்து ஆடலாம்.

ஆனால் புதிதாகப் பழகும் பிள்ளைகள் பலர் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். எதிராளி முதல் நகர்த்தலிலிருந்தே சிப்பாய்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு வருவார். குதிரை துரத்தப்படும், மந்திரி பின்வாங்கும். பத்து நகர்த்தலுக்குள் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். இப்படி இரண்டு மூன்று முறை தோற்ற பிள்ளை, "எனக்கு இது சரிவராது" என்று பலகையை மடித்து வைத்துவிடும். இந்தத் தோல்வியைத் தவிர்க்கலாம்.

இக்கட்டுரையில் கட்டங்களின் நிரல்களை வெள்ளையின் இடப்பக்கமிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜீ, எச் என்றும், நிரைகளை வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரையும் குறிக்கிறோம்.

சிப்பாய் திரும்பி வராது

சதுரங்கத்தில் பின்னால் நகர முடியாத ஒரே காய் சிப்பாய்தான். முன்னே போன சிப்பாய் தான் காத்துநின்ற கட்டங்களைக் கைவிட்டுப் போகிறது. அதோடு, எதிராளி சிப்பாய்க்குச் செலவழிக்கும் ஒவ்வொரு நகர்த்தலும் அவருடைய குதிரையும் மந்திரியும் வெளியே வராத நகர்த்தல். அந்த நேரம் உங்களுக்குக் கிடைத்த இலாபம்.

சிப்பாய்களை வீணாகத் தள்ளினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் முழுவதும் சொல்லிக்கொடுக்கும் உதாரணம் ஒன்று உண்டு. வெள்ளை எஃப்3, கறுப்பு ஈ5. அடுத்து வெள்ளை ஜீ4, கறுப்பு ராணியை எச்4க்குக் கொண்டுவருகிறது. செக்மேட். வெள்ளை இரண்டே நகர்த்தலில் தோற்றுவிட்டது. ராஜாவுக்குப் பக்கத்திலிருந்த சிப்பாய்கள் வழியைத் திறந்துவிட்டதே காரணம்.

கை வைக்குமுன் மூன்று கேள்விகள்

ஒவ்வொரு முறை சிப்பாய் முன்னே வரும்போதும் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது: இது இப்போது என் காய் எதையாவது தாக்குகிறதா? தாக்கினால் அந்தக் காயை நல்ல கட்டத்துக்கு மாற்றுங்கள். தாக்கவில்லை என்றால் பதறாமல் உங்கள் வேலையைத் தொடருங்கள்.

இரண்டாவது: அடுத்த நகர்த்தலில் இரண்டு காய்களை ஒன்றாகத் தாக்குமா? வெள்ளைக்கு டி4, ஈ4 இரண்டிலும் சிப்பாய் இருக்கிறது. உங்கள் மந்திரி டி6இலும் குதிரை எஃப்6இலும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஈ4 சிப்பாய் ஈ5க்கு வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அகப்படும். ஒரு சிப்பாயின் பெறுமதி 1, குதிரைக்கும் மந்திரிக்கும் தலா 3. புதியவர்கள் அதிகம் இழப்பது இப்படித்தான். ஆகவே, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரு சிப்பாய்களுக்கு முன்னால் காய்களை வைக்கும்போது கவனமாக இருங்கள்.

மூன்றாவது: இது விட்டுவந்த இடத்தில் எந்தக் கட்டம் காவலற்றுப் போனது? உங்கள் குதிரை போய் உட்கார வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

ஓரத்தில் வந்தால் நடுவில் பதில்

எச் நிரல் சிப்பாயை விடாமல் தள்ளுவது புதியவர்களுக்குப் பிடித்த தாக்குதல். வெள்ளை எச்4, நீங்கள் ஈ5. வெள்ளை எச்5, நீங்கள் டி5. நடுப்பலகை உங்களுடையதாகிவிட்டது. வெள்ளை மேலும் எச்6 என்று தள்ளினால் ஜீ8 குதிரையால் அதை வெட்டுங்கள். வெள்ளைக் கோட்டை குதிரையை வெட்டினால், ஜீ7 சிப்பாயால் கோட்டையை வெட்டலாம். 3 பெறுமதியான குதிரையைக் கொடுத்து 5 பெறுமதியான கோட்டையும் ஒரு சிப்பாயும் பெறுகிறீர்கள்.

இங்கே செய்யக்கூடாதது, பயத்தில் உங்கள் ராஜா பக்கச் சிப்பாய்களை நகர்த்துவது. சிப்பாய் எச்5இல் நிற்கும்போது நீங்கள் ஜீ6 என்று வைத்தால் அவர் அதை வெட்டித் தன் கோட்டைக்கு வழி திறப்பார். நீங்கள் கோட்டை கட்டிய பிறகு ஜீ, எச் சிப்பாய்கள் வந்தாலும் இதே விதிதான்: காரணமில்லாமல் அங்கே கை வைக்காமல், டி அல்லது ஈ நிரலில் நடுவைத் திறக்க வழி பாருங்கள். அவருடைய ராஜா இன்னும் நடுவிலேயே நின்றால் அடி முதலில் அவருக்கே விழும்.

வரவிட்டு அடிப்பது

1921இல் புடாபெஸ்ட் போட்டியில் அலெகைன் ஆடிய ஆரம்பம் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வெள்ளை ஈ4 என்றதும் கறுப்பு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்து, "வந்து துரத்து" என்று அழைக்கிறது. வெள்ளை ஈ5, சி4, டி4, எஃப்4 என்று நான்கு சிப்பாய்களை முன்னே நிறுத்தலாம். குதிரை டி5க்கும் பிறகு பி6க்கும் போகிறது. அதற்குள் கறுப்பு டி6 என்று வைத்து ஈ5 சிப்பாயைத் தாக்கத் தொடங்கிவிடும். பரந்து நிற்கும் சிப்பாய்களைக் காக்கும் பாரம் இப்போது வெள்ளையுடையது.

அண்மைய உதாரணமும் உண்டு. 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம். வெள்ளையில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், கறுப்பில் சீனாவின் டிங் லிரன். குகேஷ் ஈ5, எஃப்4 என்று சிப்பாய்களை முன்னேற்றினார். டிங் குதிரையை டி7க்குப் பின்வாங்கினார். உடனே சி5 என்று வைத்து, சிப்பாய்ச் சங்கிலியின் அடியில் நின்ற டி4ஐத் தாக்கினார். சங்கிலியை அதன் அடியில்தான் தாக்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. ஆட்டத்தின் பிற்பகுதியில் வேறு பிழைகளும் நடந்தன. 42 நகர்த்தல்களில் டிங் வென்றார். ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்ற குகேஷ்தான் டிசம்பர் 12 அன்று 7.5–6.5 என்ற புள்ளிகளில் 18 வயதில் உலகச் சாம்பியனானார்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி

இரண்டு பிள்ளைகள் உட்காரட்டும். ஒருவர் முதல் எட்டு நகர்த்தலும் சிப்பாய்களை மட்டும் தள்ளட்டும். மற்றவர் நடுவில் இரண்டு சிப்பாய்களை வைத்து, குதிரை, மந்திரிகளை வெளியே எடுத்து, கோட்டை கட்டட்டும். அதன்பின் வழமைபோல ஆடி முடித்துப் பக்கம் மாறுங்கள். நகர்த்தல்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, தோற்றவர் எந்த இடத்தில் பதறினார் என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தோற்று வரும் பிள்ளையிடம் "ஏன் தோற்றாய்?" என்று கேட்பதை விட, "எந்தச் சிப்பாயைக் கண்டு பயந்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளை பலகையை மீண்டும் விரித்துக் காட்டும். அடுத்த ஆட்டத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.