தூக்கக் கலக்கக் கண்கள்: ஷெர்லாக் ஹோம்ஸ் உருவான வரிசை குறித்து

ஆர்தர் கானன் டாயிலுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் எங்கிருந்து கிடைத்தார் என்று கேட்டால், எடின்பரோ மருத்துவர் ஜோசஃப் பெல்லின் பெயரைச் சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்தப் பதிலுக்கு முழு நூலின் கனத்தைத் தந்தவர் ஈலி லீபோ. 1982இல் வந்த அவருடைய பெல் வாழ்க்கை வரலாறு, பெல்லே ஹோம்ஸின் முன்மாதிரி என்று தலைப்பிலேயே அறிவித்துவிடுகிறது. பெல்லின் வாழ்வை இவ்வளவு விரிவாகத் தொகுத்த அந்த உழைப்புக்கு ஹோம்ஸைப் பற்றி எழுதும் எவரும் கடன்பட்டவர்களே. தலைப்பு சொல்லும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மனிதரைப் பார்த்து ஒரு பாத்திரத்தை வரைந்தார் என்று கொள்ளும்போது, டாயில் என்ற வாசகர் காணாமல் போய்விடுகிறார். ஹோம்ஸை முதலில் ஈன்றவர் அந்த வாசகர்தான் என்பது என் வாதம்.

பெல் தரப்பின் வலுவான சான்றுகளைப் பார்ப்போம். 1892 மே மாதம் டாயில் பெல்லுக்கு எழுதிய கடிதம் ஒன்று. அதே ஆண்டு நூலாக வந்த ஹோம்ஸ் சிறுகதைத் தொகுதியின் சமர்ப்பணம் இன்னொன்று. 1924இல் வெளியான தன்வரலாறு மூன்றாவது. ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலோ 1886 வசந்தத்தில் எழுதப்பட்டு, 1887இல் பீட்டன் கிறிஸ்துமஸ் மலரில் அச்சேறியது. ஆக, முதல் சான்றுக்கே ஆறு ஆண்டு இடைவெளி. அதற்குள் ஹோம்ஸ் ஊரறிந்த பெயராகிவிட்டார். மூலம் யார் என்று பேட்டியாளர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட வேளையில் நன்றியோடு எழுதப்பட்ட கடிதத்தை 1886இன் சாட்சியாக நிறுத்துவது சரியாகாது.

கடிதம் சொல்வதையும் கூர்ந்து படிக்க வேண்டும். ஹோம்ஸுக்காகப் பெல்லுக்குக் கடன்பட்டிருப்பதாக டாயில் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். ஆனால் பெல்லிடமிருந்து பெற்றதாக அவர் எண்ணிச் சொல்வது உற்றுநோக்கலும் ஊகித்தலும். அவற்றை நடுவில் வைத்து ஒரு மனிதனைக் கட்டியெழுப்ப முயன்றதாகவே சொல்கிறார். முறை பெல்லுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. எடின்பரோ மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் அவரிடம் உதவியாளராக இருந்த மாணவர் டாயில். நோயாளி வாய் திறக்கும் முன்பே, அவர் அண்மையில் படையிலிருந்து விலகியவர், பார்படோஸில் இருந்தவர் என்று பெல் சொல்லிவிட்ட நிகழ்ச்சியைத் தன்வரலாற்றில் விவரிக்கிறார். அந்த முறையைச் சுற்றி எழுந்த மனிதன் யார் என்பதே கேள்வி. பெல்லும், மாணவர் மிகச் சிறிதைக் கொண்டு மிகப் பெரிதைப் படைத்துவிட்டார் என்ற பொருள்பட 1892இலேயே சொல்லியிருக்கிறார். இது வெறும் தன்னடக்கம் என்று ஒதுக்கத்தக்கதல்ல.

நாவலுக்கு முந்திய சான்று ஒன்று உண்டு. டாயில் பாதுகாத்து வைத்திருந்த குறிப்பேட்டுத் தாள் அது; தேதி இல்லை. பலமுறை அச்சான தாள்தான், ஆனால் பெரும்பாலும் பெயர் வேடிக்கைக்காகவே காட்டப்படுகிறது. வாட்சன் அதில் ஆர்மண்ட் சாக்கர், ஹோம்ஸ் ஜே. ஷெரின்ஃபோர்டு ஹோம்ஸ். பெயர்களைத் தாண்டிக் கீழே படித்தால்தான் விஷயம் இருக்கிறது. ஷெரின்ஃபோர்டு அதிகம் பேசாதவர், தூக்கக் கலக்கமான கண்கள் கொண்ட இளைஞர், தத்துவச் சிந்தனையாளர், அரிய வயலின்களைச் சேகரிப்பவர். அவரிடம் ஓர் அமாட்டி வயலினும் வேதியியல் கூடமும் உண்டு. அதற்கும் கீழே, ஒருவர் சலிப்போடு ஒரு நூலைத் தூக்கி எறிந்து, நாற்காலியில் அமர்ந்தபடியே கோட்பாடு கட்டுபவர்களைச் சாடுகிறார். தொடர்ந்து லெகாக் சொதப்பல்காரர் என்றும் டூபேன் அவரினும் மேல் என்றும் தீர்ப்பு வருகிறது. லெகாக் எமில் கபோரியோவின் துப்பறிவாளர். டூபேன் எட்கர் ஆலன் போவின் படைப்பு.

பெல்லின் பெயர் தாளில் இல்லை. அதை மட்டும் வைத்து வாதாட மாட்டேன். நன்றாகத் தெரிந்த ஆசிரியரின் பெயரை யாரும் குறித்துவைக்க வேண்டியதில்லை. என் வாதம் கண்களைப் பற்றியது. தன்வரலாற்றில் டாயில் வரையும் பெல் மெலிந்த, கூர்மூக்குக்காரர். துளைக்கும் சாம்பல்நிறக் கண்கள் உடையவர். 1837இல் பிறந்த அவர், டாயில் படித்த காலத்தில் நாற்பதைத் தொட்டவர். தாளிலுள்ள தூக்கக் கண் இளைஞருக்கு அவரோடு எந்தச் சாயலும் இல்லை. நாவலின் இரண்டாம் அத்தியாயத்திலோ ஹோம்ஸுக்கு இரண்டு விதமான பார்வையும் இருக்கிறது. வழக்கமாகக் கூர்ந்து துளைக்கும் கண்கள், பருந்தை நினைவூட்டும் மூக்கு. சோர்ந்து கிடக்கும் நாட்களில் மட்டும் கனவில் ஆழ்ந்த வெறித்த பார்வை. தாளின் ஷெரின்ஃபோர்டு மீது பெல்லின் முகம் பின்னர் ஏற்றப்பட்டது என்றே இதைப் படிக்கிறேன். பழைய கண்கள் அழிக்கப்படாமல் சோம்பல் நாட்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. வாசகர்கள் நூறாண்டுக்கு மேலாக ரசித்துவரும் ஹோம்ஸின் இரட்டை இயல்பு இந்த ஒட்டுத் தையலில் பிறந்தது என்பது என் கணிப்பு.

இன்னொரு பாடவேறுபாடு என் தரப்புக்கு இன்றியமையாதது. தாளில் டூபேனுக்குக் கிடைப்பது பாராட்டு கலந்த தீர்ப்பு. நாவலில் ஹோம்ஸ் டூபேனையும் மட்டம் தட்டிவிடுகிறார். தாளில் எறியப்படும் நூல், நாவலில் வாட்சன் சலித்துக்கொள்ளும் சஞ்சிகைக் கட்டுரையாகி, அதை எழுதியவர் ஹோம்ஸே என்று தெரியவருகிறது. தாளில் அந்நூல் எது என்று எழுதப்படவில்லை. எறிந்த கையோடு லெகாக்கும் டூபேனும் வருவதால், அது ஒரு துப்பறியும் கதைநூல் என்று கொள்வதே இயல்பு. அப்படியானால் முதல் வரைவில் அந்த அறைக்குள் நடந்தது ஒரு வாசிப்புச் சண்டை. கொலையோ துப்போ வருவதற்கு முன், பிறர் எழுதிய துப்பறிவாளர்களோடுதான் ஷெரின்ஃபோர்டு மல்லுக்கு நிற்கிறார்.

டாயிலின் வாசிப்புப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மாணவப் பருவத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பென்னி. போகிற வழியில் பழைய புத்தகக் கடை. வாசலில் அதே மூன்று பென்னிக்கு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி புத்தகத் தொட்டி. வயிற்றுக்கும் புத்தகத்துக்கும் நடந்த இந்தப் போராட்டத்தில் சில நாள் புத்தகம் வென்றதை 1907இல் வெளியிட்ட தம் நூலலமாரி பற்றிய நூலில் பதிவுசெய்திருக்கிறார். சவுத்சீயில் நோயாளிகள் அதிகம் வராத மருத்துவராக இருந்தபோது கபோரியோவைப் படித்துக் குறிப்பெழுதினார். ஒரு கதையின் பெயர் மறந்துவிட்டது என்றும், வில்கி காலின்ஸின் பாணி இன்னும் தூக்கலாக இருக்கிறது என்றும் அதில் காண்கிறோம். தன்வரலாற்றில் ஹோம்ஸின் பிறப்பை விவரிக்கும் வரிசையும் இதுதான்: முதலில் கபோரியோவின் கதைக்கட்டு, பிறகு போவின் டூபேன், அதன் பின்னரே பழைய ஆசிரியர் பெல். முப்பத்தெட்டு ஆண்டு கழித்து எழுதப்பட்டதை அப்படியே நம்பக் கூடாது என்று மேலே சொன்ன விதி இதற்கும் பொருந்தும். ஆனால் இங்கே வரிசைக்குத் தாளின் துணை இருக்கிறது. லீபோவின் வரிசைக்கு அத்துணை இல்லை.

தாளின் காலம் தீராத சிக்கல். அதில் சாக்கர் சூடானிலிருந்து வந்தவராக எழுதப்பட்டு, அது அடிக்கப்பட்டு ஆப்கானிஸ்தான் என்று திருத்தப்பட்டிருக்கிறது. 1885 ஜனவரியில் கார்ட்டூம் வீழ்ந்தது. சூடான் அப்போதைய பத்திரிகைச் செய்தி. ஆகவே தாள் 1885ஆம் ஆண்டினதாகலாம், 1886 தொடக்கத்தினதும் ஆகலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆதாரம் தாளுக்குள் இல்லை.

அந்த அடித்தல் என் வாதத்துக்கே ஓர் இடைஞ்சலையும் வைக்கிறது. சூடான் நின்றிருந்தால் கதை நிகழ்காலத்தில் நடந்திருக்கும். ஆப்கானிஸ்தான் வந்ததும் வாட்சன் 1880இன் மைவாண்டு போரில் காயம்பட்டவராகிறார். கதைக்காலம் எண்பதுகளின் தொடக்கத்துக்குப் பின்வாங்குகிறது. 1881இல்தான் டாயில் எடின்பரோவில் பட்டம் பெற்றார். பெல்லின் வகுப்பறை ஆண்டுகளை ஒட்டியே கதை நகர்த்தப்பட்டது தற்செயலா, அல்லது அந்தத் தாளிலேயே பெல் உள்ளே வரத் தொடங்கிவிட்டாரா? பின்னதே உண்மையானால், நான் வகுத்த இரண்டு கட்டங்களுக்கும் இடையே சில வாரங்களே இருந்திருக்கலாம். ஒரே நாளாகவும் இருந்திருக்கலாம். வரிசை மாறாது, இடைவெளிதான் குறையும் என்றே கருதுகிறேன். அடித்த கோடு எழுதிய கையோடு போட்டதா, பின்னர் போட்டதா என்பது உறுதியாகும்வரை அதற்கு மேல் அழுத்திச் சொல்ல இயலாது.