கருமையைத் தேடிய செம்மை: மருதாணிச் சாயத்தின் ஒரு வரலாற்றுத் தடம்

கரிய மருதாணி நம் காலத்துக் கோளாறு என்றே பலரும் எண்ணுகிறோம். மருதாணி இட்ட கை கறுக்க வேண்டும் என்ற ஆசைக்கு அதைவிட வயது அதிகம். அந்த ஆசை நிறைவேறிய வழிதான் மாறிவிட்டது. இலையின் சாயத்தையே கருமைக்குக் கொண்டுசென்ற பழைய வழியையும், இலையே வேண்டாம் என்றாக்கிய புதிய வழியையும் ஏமன், சூடான் ஆகிய இரு நாடுகளின் வழக்கங்களை வைத்து இங்கே ஆராய்கிறேன்.

முதலில் இலையின் இயல்பு. 1753இல் லின்னேயஸ் 'லாசோனியா இனெர்மிஸ்' எனப் பெயரிட்ட இந்தச் செடியின் சாயப்பொருள் லாசோன். பச்சை இலையில் அதன் முன்வடிவம் சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து கிடக்கிறது. இலையை அரைத்துச் சற்றுப் புளிப்பான நீரில் ஊறவிடும்போது பிணைப்பு அவிழ்ந்து லாசோன் வெளிப்படுகிறது. அது தோலின் மேலடுக்குக்குள் இறங்கி, அங்குள்ள கெரட்டின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. விழுதை எடுத்தவுடன் கை ஆரஞ்சு நிறமாக இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுப்பட்டு, இரண்டு நாளில் அது அடர்ந்த செம்பழுப்பாகிறது. மேலடுக்கு தடித்திருக்கும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நன்றாகப் பற்றும். புறங்கையில் வெளுத்தே இருக்கும்.

சாயத்தைப் பேணும் வீட்டு வழக்கங்கள் அனைத்தும் இந்த இயல்பைச் சுற்றி அமைந்தவை. எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்து மேலே தொட்டுவைப்பது விழுது காய்ந்து உதிராமலிருக்க. கையைக் கதகதப்பாக வைத்திருப்பது சாயம் விரைந்து இறங்க. காய்ந்த விழுதைக் கழுவாமல் சுரண்டி எடுப்பதும், ஒரு நாளாவது நீர் படாமல் காப்பதும், குளிக்கும் முன் எண்ணெய் தடவுவதும் ஆக்சிஜனேற்றம் முடியும்வரை சாயம் கரையாமலிருக்க. சோப்பும் தேய்ப்பும் மேலடுக்கை உரிப்பதால் நிறமும் உடன் போகிறது. எப்படிக் காத்தாலும் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒன்று முதல் மூன்று வாரமே அதன் ஆயுள். அம்மியில் கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்தரைத்து, விரல்நுனிக்குத் தொப்பி போட்டு இரவெல்லாம் காத்திருந்த நம் வீட்டுப் பெண்களுக்கு மூலக்கூறு தெரிந்திருக்கவில்லை. செய்முறை பிழையின்றித் தெரிந்திருந்தது.

இந்த அறிவு மிக நுட்பமாக வளர்ந்த இடங்களில் ஒன்று ஏமனின் சனா நகரம். அங்கு வாழ்ந்த யூதர்களின் திருமணச் சடங்குகளை எரிக் பிரவுவர் 1934இல் வெளியான தம் ஜெர்மன் மொழி இனவரைவியல் நூலில் பதிவுசெய்தார். 'ஷாரிஆ' எனப்பட்ட அலங்காரக்காரி மணப்பெண்ணின் கைகால்களை முதலில் மருதாணியால் முழுவதும் சிவக்கவைப்பார். அதன்மேல் உருக்கிய மெழுகால் கோலமிடுவார். பிறகு 'ஷதர்' என்ற கலவையைப் பூசுவார். நவச்சாரமும் பொட்டாஷும் அதன் முக்கியச் சேர்மானங்கள். இரண்டும் ஈரத்தில் கூடும்போது அம்மோனியா வெளிவரும். அந்தக் காரம் பட்ட இடத்தில் மருதாணிச் சிவப்பு கரும்பச்சையாக இறங்கும். மெழுகுக்கு அடியில் காரம் புகாது. மெழுகை எடுத்தால், கரிய பரப்பில் சிவப்புக் கோடுகள். சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் நீலம் தோய்க்கும்போது மெழுகால் துணியின் வெண்மையைக் காத்ததும் இதே உத்திதான். அங்கே துணி, இங்கே உயிருள்ள தோல்.

என் வாதத்திற்கு ஷதர்தான் திறவுகோல். கருமை அங்கே இலைக்கு வெளியிலிருந்து வரவில்லை. ஏற்கெனவே தோலில் பற்றிய லாசோனிலிருந்தே வந்தது. முதல் சிவப்பு சரியாகப் பிடித்தால்தான் அடுத்த படி. மருதாணி இட்ட கையில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேய்க்கும் இந்திய வழக்கத்திலும் காரமே வேலை செய்கிறது. 1949–50இல் ஏமன் யூதர்களில் ஏறக்குறைய 49,000 பேர் இஸ்ரேலுக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டனர். மருதாணிச் சடங்கு அங்கும் தொடர்கிறது, ஆனால் மெழுகும் ஷதரும் ஏறத்தாழ மறைந்து, உள்ளங்கையில் ஒரு பிடி விழுது வைப்பதே மிஞ்சியிருக்கிறது. ஒரு பெரும் கைத்திறன் இப்படிச் சுருங்கியது எனக்குத் தாங்கமுடியாத இழப்பு.

புதிய வழியின் பெயர் பாராஃபெனிலீன்டயமின், சுருக்கமாக பிபிடி. 1880களில் ஐரோப்பாவில் முடிக்கும் மென்மயிர்த் தோலுக்கும் சாயமாகக் காப்புரிமை பெற்ற வேதிப்பொருள். சூடானில் கடைத்தெருவில் கல்லாக விற்கப்பட்ட இதைப் பொடித்துப் பெண்கள் மருதாணியோடு கலந்தனர். இரவெல்லாம் காத்திருக்க வேண்டிய வேலை ஓரிரு மணியில் முடிந்தது. கருமையும் கிடைத்தது. குரல்வளை வீங்கி மூச்சடைத்தும் சிறுநீரகம் செயலிழந்தும் நோயாளிகள் வரத் தொடங்கியதை அந்நாட்டு மருத்துவர்கள் 1980கள், 90களிலேயே எழுதினார்கள். இதில் அந்தப் பெண்களைக் குறைசொல்ல எதுவுமில்லை. கருமை அவர்களுடைய பழைய அழகு. அதைக் கலப்படச் சரக்காக விற்றது சந்தை.

பின்னர் சுற்றுலாக் கடற்கரைகளில் 'கறுப்பு ஹென்னா' என்ற பெயரில் இதே பொருள் பரவியது. அங்கே பலவற்றில் இலையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைச்சாயத்திற்கு அனுமதிக்கப்பட்ட பிபிடி உச்ச அளவு 2 விழுக்காடு. தோலில் வரையும் இந்தக் கலவைகளில் 15 விழுக்காட்டுக்கும் மேல் கண்டறியப்பட்டிருக்கிறது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதையே அறிவித்தது. கொப்புளம் ஆறினாலும் ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தங்கும். பத்து வயதில் கையில் வரைந்துகொண்டவருக்கு நாற்பதில் தலைச்சாயம் பூசும்போது முகம் வீங்கலாம்.

இலைக்கும் ஓர் எல்லை உண்டு. ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களை லாசோன் சிதைக்கக்கூடும் என்பதால் பச்சிளங்குழந்தைகளுக்கு மருதாணி இடுவதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அடையாளம் காண்பது எளிது: நல்ல மருதாணி முதலில் ஆரஞ்சாகத் தோன்றி மெல்லக் கறுக்கும். சில நிமிடங்களில் கரும் நிறமோ கடும் சிவப்போ தரும் கோனை, சேர்மானம் அச்சிடாத கோனை, திருவிழாக் கூட்டத்தில் யார் நீட்டினாலும் கையில் வாங்காதீர்கள்.