தினையளவு போதும்



நேற்று பீரோவை ஒழித்தேன். பதினேழு பொன்னாடைகள் இருந்தன. இரண்டைத் தவிர மற்றவற்றைப் போர்த்தியது யார் என்றே நினைவில்லை. உழைத்தவரைப் பாராட்டுவது பற்றிப் புறநானூறு சொல்வதை எழுதத் தோன்றியது.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே பரிசு கிடையாது. பாணருக்குப் பொன்னால் செய்த தாமரைப்பூ, விறலியருக்கு அணிகலன், புலவருக்கு யானையும் தேரும். ஆனால் பாட்டில் ஆழமாக நின்றவை வேறு.

களைப்பில் முரசு கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார் மோசிகீரனார். வெட்டுப்படக்கூடிய குற்றம் அது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்காமல், பக்கத்தில் நின்று விசிறினான். 50ஆம் பாட்டு அந்த விசிறலுக்காகவே பாடப்பட்டது.

290ஆம் பாட்டில் ஔவையார் ஓர் அரசனிடம், "கள்ளை முதலில் இந்த வீரனுக்குக் கொடுத்துவிட்டு நீ குடி" என்கிறார். காரணமும் சொல்கிறார்: இவன் பாட்டன், உன் பாட்டனைக் காக்க வேல்களைத் தன் உடம்பில் வாங்கி மாண்டவன். அந்த வீரனுக்குப் பெருமை கள்ளில் இல்லை. அரசனுக்கு முன்பாகத் தனக்குக் கிடைப்பதில் இருக்கிறது.

இனி தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. நம் தருமபுரிப் பக்கத்துக்காரன். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். தொண்டைமானிடம் அவரையே தூதாகவும் அனுப்பியவன். அவனைத் தேடிப் பல மலைகளைக் கடந்து வந்தார் பெருஞ்சித்திரனார். அதியமான் நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்கவில்லை. "காணாமல் கொடுத்ததை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை. என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவும் இனிது" என்பதுதான் 208ஆம் பாட்டின் சாரம். தன் வீட்டுப் பிள்ளை பாலில்லாமல் அழுததைக் குமணனிடம் பாடியவரும் இவர்தான். தேவை இல்லாமல் மறுக்கவில்லை.

இந்தப் பாட்டை வருஷக்கணக்காக நடத்தியிருக்கிறேன். ஆனாலும் ஒரு தவறு செய்தேன்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது இரண்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். தாளாளர் வரவில்லை. ஆளுக்கொரு மோதிரம் அனுப்பியிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். தமிழாசிரியர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். "பொண்ணு கல்யாணத்துக்கு ஆச்சு சார்" என்றார். கணக்கு ஆசிரியர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"முப்பத்தோரு வருஷம் சார். அஞ்சு நிமிஷம் வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பெட்டியை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். தலைக்கனம் என்று அன்று நினைத்தேன். மற்றவர்களிடமும் அப்படியே சொன்னேன்.

இன்று யோசித்தால் இருவரும் சரி. ஒருவருக்குப் பொன் தேவைப்பட்டது, இன்னொருவருக்கு முகம். அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவன் நான். தாளாளர் வரவில்லை, சரி. நானாவது பிள்ளைகளைக் கூட்டி, அவரிடம் படித்த ஒருவனைப் பேச வைத்திருக்கலாம். காசு செலவில்லை.

அவர் இப்போது இல்லை. அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று என் வாயால் கேட்ட சிலர் இந்தப் பதிவைப் படிப்பார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதினேன்.